ராசிக்காரி உள்ள இருக்கா

உள்ள போயிட்டா. கதவையும் சாத்திக்கிட்டா. போட்டுக்கிட்டுப் போனது என்ற ஸ்வெட்டரு. காப்பிக் கலரு, வலது முழங்கையில ஓட்டை, ரெண்டு வருசமா என்ற முழங்கைக்குன்னே இருந்த ஓட்டை, இப்ப அதுல அவ முழங்கை எட்டிப் பாக்குது. குளுரு ரூமு கதவுல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி, அதுல பாத்தா என்ற சம்சாரம் மயிலாத்தாவோட முதுகு தெரியுது, முதுகுக்கு அந்தப் பக்கம் பக்கெட்டு, பக்கெட்டுத் தண்ணிக்குள்ள பை. பரோட்டாக் கடையில சால்னா கட்டிக் குடுப்பானே அந்த மாதிரி சவ்வுப் பை, வெரல் தண்டி, ரெண்டு முனையிலும் முடிச்சு. அதுக்குள்ள தட்டப்பயிறு எலையில வளர்ற வைரஸோட மேல்தோலு. வைரஸப் பிரிச்சு, உள்ளிருக்கற சரக்க உருவிப் போட்டுட்டு, தோல மட்டும் துண்டு துண்டா வெச்சிருக்குது. இப்பத் தண்ணியாட்டம் தெளிவாக் கெடக்கும். நாப்பது நிமிசத்துல அந்தத் துண்டெல்லாம் தானாக் கோத்துக்கிட்டு உருண்டை உருண்டையாக் கூடு கட்டணும். கட்டுச்சுன்னா பை மங்கும், அரிசி கழுவுன ரெண்டாந் தண்ணி மாதிரி. கட்டலைன்னா தண்ணி தண்ணியாவே கெடக்கும். அந்த வெறுங்கூட்டுக்குள்ள பின்னால மருந்த வெச்சு அனுப்பலாமாம், தபால் மாதிரி. இப்ப மணி பதினொன்னு முப்பத்தி ரெண்டு. பர்வீன் பாப்பா, இந்த ஆராய்ச்சியப் பண்ற புள்ள, மேலப்பாளையத்துல இருந்து கோயமுத்தூருக்கு வந்து அஞ்சு வருசமா தட்டப்பயிறு எலையோட மல்லுக் கட்டுது, மைக்ராஸ்கோப்பு பில்டிங்குக்கு ஓடியிருக்குது, பன்னெண்டே காலுக்குத்தான் வரும். ஓடறதுக்கு முன்னால என்ன சொல்லுச்சு? "அக்கா, இதான் கடைசி எலை. செடி பூராம் கருகிப் போச்சு. இது தோத்தா எனக்கு இன்னொரு வருசம் போச்சுக்கா. உங்க கைராசிதான் காப்பாத்தணும்." நான் ரெண்டடி தள்ளி நிக்கறேன். ஆறடி ஆளு. அந்தப் புள்ளைக்கு மைக்ராஸ்கோப்புல பாத்துப் பாத்து, பெருசா இருக்கறது கண்ணுக்குத் தெரியாமப் போச்சு போல. "வெள்ளிங்கிரி அண்ணே, நீங்க அந்த டியூபெல்லாம் கழுவிருங்க"ன்னுச்சு. கழுவறேன். இது ஏழாவது டியூபு.

கைராசின்னு இந்த மாடியில ஒரு பேச்சு இருந்துச்சுன்னா அது நாந்தான். வேற யாரு? எட்டாவதுல கணக்கு வாத்தியாரு என்னைப் பாத்து நீ எதுக்கும் ஆவமாட்டேன்னாரு, அவரக் கூட்டிக்கிட்டு வந்து காட்டியிருக்கணும், டாக்டர் பட்டத்துக்குப் படிக்கறதுக வரிசையில நின்னு "அண்ணே, ஒரு தடவை கை வைங்கண்ணே"ன்னு கெஞ்சுனத. பை போடறது நானு. முடிச்சுப் போடறது நானு. பக்கத்து லேப்புப் பசங்க புது மிசினு வந்தா சுவிட்சப் போட என்னைக் கூப்புடுவானுக. ஒருத்தன் வைவாவுக்குப் போறப்ப பேனாவ நீட்டுனான், தொட்டுக் குடுத்தேன், பாசாயிட்டான், அவன் படிச்சதக் கணக்குலயே எடுத்துக்கல நானு. புரொபசரு இருக்காரே, மேடையேறுனா மூட நம்பிக்கைய ஒழிக்கணும்னு ஒரு மணி நேரம் பேசுவாரு, எறங்கி வந்து, "பர்வீன், எதுக்கும் வெள்ளிங்கிரிய ஒருக்கா வரச் சொல்லும்மா"ம்பாரு. பதிமூணு தடவை போட்டேன், பதினொன்னு மங்குச்சு. ரெண்டுதான் ஊத்திக்கிச்சு. பதிமூணுக்குப் பதினொன்னு. கிரிக்கெட்டுல இவ்வளவு அடிச்சிருந்தா ரோட்டுக்கு என்ற பேரு வெச்சிருப்பாங்க. அப்பறம் அந்தச் சிக்குன்குனியா. அதுவும் ஒரு வைரஸுதான். அதோட சாதிசனத்த இத்தனை பேரத் தோலுரிச்சேனில்ல, கோவம் இருக்காதா, மூட்டு மூட்டாப் புடிச்சுக் கட்டில்ல போட்டுருச்சு. பத்து நாளு. அந்தப் பத்து நாளு நான் கெடக்காம இருந்திருந்தா. எலை அரைச்சு வெச்சாச்சு, நாளு தாண்டுனா கெட்டுப் போயிரும், பை போட ஆளில்ல. அப்ப எந்த மகராசன் சொன்னானோ தெரியல, "அண்ணன் இல்லாட்டி என்ன, கீழ கூட்டிப் பெருக்கற அக்கா அவரு சம்சாரந்தான, புருசன் ராசியில பாதி பொண்டாட்டிக்கு இருக்காதா"ன்னு. பாதி! கூட்டிப் பெருக்க அவளைச் சேத்து விட்டதே நாந்தான். விளக்கமாத்தப் போட்டுட்டு வந்து பைய எறக்குனா. மங்கிருச்சு. அதுக்கப்பறம் மூணு தடவை அவளே போட்டா, மூணும் மங்குச்சு. பாதின்னு குடுத்தது முழுசாப் போயிருச்சு. நான் நொண்டிக்கிட்டு வேலைக்கு வந்தா, "அண்ணே நீங்க ரெஸ்ட் எடுங்க"ங்கறாங்க. ரெஸ்ட்டுன்னா என்னன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. அடிக்கற மாதிரியே இருக்குது அந்த வார்த்தை.

பதினொன்னு நாப்பத்தி மூணு. முதுகு நகரல. அவ பாட்டுக்குப் போட்டுட்டு வந்திருந்தாக்கூடப் பரவால்ல, போட்டது போச்சுன்னு விட்டுருவேன். அவ படிக்க ஆரம்பிச்சுட்டா. பள்ளிக்கூடத்துல அஞ்சாவதுதான், என்னைய விட மூணு வகுப்புக் கம்மி. பாப்பா சொல்லச் சொல்லக் காதுல போட்டுக்கிட்டு வருவா. ஒரு ஞாயித்துக்கெழமை மத்தியானம் பழைய காலண்டர் அட்டைய எடுத்துக்கிட்டுக் கத்திரிக்கோலோட உக்காந்தா. "ஏனுங்க, இங்க பாருங்க, ஒரு கூட்டுக்கு நூத்தியெம்பது துண்டு, நூத்தியெம்பது பேரு, அத்தனை பேரும் ஒரே அச்சு"ன்னா. ஆறு மூலை அட்டையா வெட்டிச் சோத்துப் பருக்கை வெச்சு ஒட்டுனா, தரையில டைல்ஸ் போட்ட மாதிரி சப்புன்னு படுத்துக்குச்சு. "ஆறு ஆறாவே சேந்தா இப்படித்தானுங்க, எத்தனை சேந்தாலும் பாயிதான். நடுவால ஒரு அஞ்சு மூலை வெச்சுப் பாருங்க"ன்னு ஒண்ணச் சொருவுனா. குழிஞ்சிருச்சு. கிண்ணமாட்டம். இன்னொண்ணு, இன்னொண்ணு. பன்னெண்டு எடத்துல அஞ்சஞ்சு பேரா நின்னாத்தான் உருண்டை மூடுமாம், பதினொன்னுன்னா வாயத் தொறந்துக்கிட்டே கெடக்குமாம். நான் சும்மா இருப்பனா? "ஏண்டி, அஞ்சு பேரு கூட்டத்துல மாட்டுனவன் ஆறு பேரு கூட்டத்தப் பாத்து வயிறெரிய மாட்டானா?"ன்னேன். வழக்கமா இதுக்கு அவ சிரிச்சிருக்கணும். அவ யோசிச்சா. என்ற ஜோக்குக்கு யோசிக்கறா! யோசிச்சுட்டு, "மாட்டானுங்க. அவனும் இவனும் ஒண்ணுதான். நிக்கற எடத்துக்குத் தக்கன ஒடம்ப லேசா வளைச்சுக்குவான்"ன்னா. எனக்கு எங்க வலிச்சுதுன்னு இன்னும் தெரியல. அந்த உருண்டைய வாங்கி, நல்லாருக்குதே பந்துன்னு மேல தூக்கிப் போட்டேன், ஃபேன்ல அடிச்சுப் பிஞ்சு போச்சு. தெரியாமத்தான் போட்டேன். ஃபேனு ஓடுனது தெரியும். ஆனா தெரியாமத்தான் போட்டேன்.

எட்டிப் பாத்துட்டு வந்தேன். பை தெளிவாத்தான் இருக்குது. பதினொன்னு அம்பது. பதினெட்டு நிமிசம் ஆச்சு, இந்நேரம் ஓரத்துல லேசாப் பொகை மாதிரி வரணும், அவளுது எப்பவும் சீக்கிரமே வரும், என்றத விடச் சீக்கிரம், அதையும் பாப்பா வாய்விட்டுச் சொல்லுச்சு, "அக்கா கைக்கு அஞ்சு நிமிசம் முன்னாடியே வருது"ன்னு. வரல. எனக்கு உள்ளுக்குள்ள என்னமோ ஒண்ணு கால் நீட்டி உக்காந்துச்சு. வராதுடி. பாதி ராசிய எத்தனை நாளைக்கு ஓட்டுவ. சீ. எங்கம்மா பேசற மாதிரியே பேசறேன். எங்கம்மாதான் அவளுக்குப் பட்டம் வெச்சது, ராசியில்லாத கையின்னு. அவ வெச்ச முருங்கைப் போத்து துளுக்காமப் பட்டுப் போச்சு, அவ காச்சுன பாலு திரிஞ்சுச்சு, அவ வந்த வருசம் எங்கப்பன் போனாரு, எங்கப்பனுக்கு ரெண்டு சிறுநீரகமும் போயிருந்துச்சு, அத யாரு கேட்டா. குழந்தை ரெண்டு தடவை தங்கல. என்ற தங்கச்சி கல்யாணத்துல சீர்த் தட்டத் தூக்கக் கைய நீட்டுனா, எங்கம்மா வாங்கி வேறொருத்தி கையில குடுத்துச்சு. அத்தனை சனமும் பாக்குது. அப்ப நான் என்ன பண்ணுனேன்? ஜோக்கடிச்சேன். "இவ தொட்டா கரண்டு மோட்டாரே நின்னு போவுதுங்க, சீர்த் தட்டு தாங்குமா?" கூட்டம் பூராம் சிரிச்சுச்சு. அவளும் சிரிச்சா. அவ சிரிச்சுட்டா, அப்பறம் எனக்கென்னன்னு பத்தொம்பது வருசம் ஓட்டிட்டேன். அந்தக் கையத்தான் இந்த மாடியில ராசிக்கையின்னு கூப்புட்டாங்க. மொத நாளு அந்தக் கையப் பாத்துக்கிட்டே பஸ்ஸுல வந்தாளாம். என்றகிட்டச் சொன்னா. நான் என்ன சொன்னேன்? "கழுவிப் பாரு, போயிரும்"ன்னேன்.

கழுவி. கழுவி. என்னமோ இடிக்குது. இந்த டியூபு எத்தனையாவது, எண்ணிக்கை விட்டுப் போச்சு. அவளுக்கு மங்குனது பூராம் என்ற மஞ்ச பக்கெட்டுல, அதான, நான் பழக்கி வெச்ச பக்கெட்டு. அப்ப ராசி பக்கெட்டுக்குத்தான், உனக்கில்லடி, அப்படின்னு இன்னைக்குக் காத்தால சொல்ல வந்தேன், வாயில வந்துச்சு, பக்கெட்டப் பாத்ததும் மறந்து போச்சு. பக்கெட்டு பளபளன்னு இருந்துச்சு. மகராசி, முக்கியமான நாளுன்னு வீட்டுல இருந்து புளி கொண்டாந்து தேச்சு வெச்சிருக்கா. உள்ளுக்குள்ள வெள்ளை வெள்ளையாக் காரை புடிச்சிருக்கும், பல்லு வெளக்காதவன் பல்லாட்டம், அத்தனையும் காணோம். "என்னடி, பக்கெட்டுக்கு மஞ்ச நீராட்டா?"ன்னு கிண்டல் பண்ணிட்டு வந்துட்டேன். இரு. இரு. எனக்கு ஊத்திக்கிச்சே ரெண்டு தடவை. ஒண்ணு, பக்கத்து லேப்புக்காரன் மஞ்ச பக்கெட்டத் தூக்கிட்டுப் போயிட்டான், கண்ணாடிப் பாத்திரத்துல போட்டேன். இன்னொண்ணு, வெளிநாட்டுக்காரர் பாக்க வராரு, அசிங்கமா இருக்குதுன்னு பக்கெட்ட ஒளிச்சு வெச்சாங்க, அன்னைக்கும் கண்ணாடி. ரெண்டும் மஞ்ச பக்கெட்டு இல்ல. மங்குனது அத்தனையும் மஞ்ச பக்கெட்டு. காரை. அந்தக் காரை எப்படி வந்துச்சு? லேப்புக் குழாயில நல்ல தண்ணி சளி ஒழுகற மாதிரி ஒழுகும், அதுக்கு நிக்கச் சோம்பப்பட்டு நான் தோட்டத்து போர்த் தண்ணியில பக்கெட்ட அலசுவேன், அங்க வாட்ச்மேன் இருப்பான், நாலு கதை பேசலாம். அலசிக் கவுக்காம வெச்சிருவேன். போர்த் தண்ணி இந்த ஊருல வாயில வெச்சா நாக்கு வெளுத்துப் போவும், சுண்ணாம்பு. பாப்பா கூடு கட்டறதப் பத்திப் புரொபசருகிட்டச் சொல்றப்ப அந்த ரூம்புல டீ ஊத்தறது நாந்தான, அப்ப சொல்லுமே, துண்டும் துண்டும் சேர்ற சந்துல சுண்ணாம்புச் சத்து போய் உக்காருது, சட்டைக்குப் பித்தான் மாதிரின்னு. அதுவும் துளியூண்டு போடத்தான் செய்யுது, புஸ்தகத்துல இருக்கற அளவு. பத்தல போல. மிச்சத்த என்ற பக்கெட்டு போட்டுருக்குது. பை எறக்கற தண்ணி புளிப்புத் தண்ணி, அந்தப் புளிப்புல காரை கரைஞ்சு உள்ள போயிருக்குது. அட எழவே. அப்ப நானில்ல. அவளும் இல்ல. ரெண்டு பேருமே இல்ல. இன்னைக்குக் காரையே இல்ல, இன்னைக்கு மங்காது.

பன்னெண்டு ஆறு. மங்காது. மங்கலைன்னா என்ன ஆவும்? பாப்பா அழுவும். கொஞ்ச நேரங்கழிச்சு மூக்கச் சிந்திட்டு, "வெள்ளிங்கிரி அண்ணே, நீங்க ஒரு தடவை வெச்சுப் பாருங்களேன்"னும். சொல்லும், கண்டிப்பாச் சொல்லும். நான் ஒரு சொம்புத் தண்ணி கொண்டாந்து யாரும் பாக்காம ஊத்தி, கைய விட்டு ஒரு ஆட்டு ஆட்டுனா, மங்கும். என்ற பேரு எனக்குத் திரும்பி வந்துரும். எவ்வளவு சுளுவு. ஒரு சொம்பு. சொம்பு எடுத்துட்டேன். தோட்டத்துக் குழாய்க்குப் போயிட்டு வந்துட்டேன், எப்பப் போனேன்னே தெரியல, வாட்ச்மேன் ஏதோ கேட்டான், பதில் சொல்லாம வந்தது இதான் மொதத் தடவை. தண்ணிய எட்டிப் பாத்தா நல்லாத்தான் இருக்குது, வெளிய ஒண்ணும் தெரியல. ஆனா இத ஊத்திட்டுக் கைராசின்னு பல்லக் காட்டுனா அது எனக்குத் தெரிஞ்சிருமே. ராசின்னு நெனச்சுக்கிட்டுக் கை வைக்கறது ஒண்ணு, சொம்ப ஒளிச்சுக்கிட்டுக் கை வைக்கறது வேற ஒண்ணு. என்ற ராசி பன்னெண்டு மணி வாக்குல செத்துப் போச்சு, டியூபு கழுவற தொட்டிகிட்ட, நானே கொன்னு போட்டேன். சரி, அவளுக்காவது ஊத்தி உடலாம், அவளுக்குத் தெரியாம. ராசிக்காரியாவே இருந்துட்டுப் போவட்டும். ஒவ்வொருக்காவும் நான் பின்னால இருந்து சொம்பு ஊத்தணும், பேரு அவளுக்கு, சொம்பு எனக்கு. முடியாது. அவ்வளவு நல்லவனில்ல நானு. ஊத்தாமயே உடலாம். உட்டா மறுபடி ராசியில்லாத கையி. எங்கம்மா இல்லாத குறைக்கு நானே அந்த வேலையப் பாத்த மாதிரி இருக்கும்.

கதவத் தொறந்தேன். குளுரு மூஞ்சியில அறையுது. குத்த வெச்சு உக்காந்திருக்கா, ரெண்டு கையையும் கக்கத்துல சொருவிக்கிட்டு, பக்கெட்டத் தொடாம, தொட்டா இன்னும் கெட்டுப் போவும்ங்கற மாதிரி. திரும்பிப் பாக்கல. "வந்துட்டீங்ளா"ன்னா. "ஆகலீங்க. என்ற கை இன்னைக்கு ஆகல. நீங்க வைங்க." ஆறு மாசமா இதைக் கேக்கத்தான கெடந்தேன். கனவுல எல்லாம் இவ இதச் சொல்ற மாதிரி வரும், நான் மீசைய முறுக்கிட்டு ஒண்ணு சொல்லுவேன், நல்ல ஜோக்கு, வெச்சிருந்தேன். வரல. "கையில ஒண்ணுமில்ல மயிலு"ன்னேன். "அப்படிச் சொல்லாதீங்க, உங்க கைன்னா—" "என்ற கையிலயும் இல்லடி. நீ புளி போட்டுத் தேச்சியே, அதுல போச்சு." மூஞ்சியத் திருப்புனா. சொம்பப் பாத்தா. பக்கெட்டப் பாத்தா. நான் அரை மணி நேரம் டியூபோட மோதி மோதிக் கண்டுபுடிச்சத இவ ரெண்டு மூச்சுல, "காரையா? சுண்ணாம்பா? அந்தச் சந்துல உக்காருதே, பித்தானு, அதா?"ன்னுட்டா. அதுக்கும் எனக்கு எரிஞ்சுச்சு. "ஆமா. ராசியுமில்ல ஒண்ணுமில்ல. உன்றதும் இல்ல"ன்னேன். உன்றதும்னு அழுத்திச் சொன்னேன், வேணும்னே. அழுவான்னு பாத்தேன். எந்திரிச்சுத் தன் கையத் தூசு தட்டிக்கிட்டா. "அப்ப என்ற கையால எதுவும் கெடலையில்ல?"ன்னா. "முருங்கைப் போத்து, பாலு, அதெல்லாங்கூட ஏதாச்சும் தண்ணிக் கோளாறாத்தான இருந்திருக்கும்?" "பாலு சட்டி கழுவாததுனாலதான்டி"ன்னேன். அவ பதிலுக்கு நிக்கல. "பர்வீன் பாப்பா! பாப்போய்!"னு வராந்தாவுல ஓடறா. நான் தூக்கிக்கிட்டு அலைஞ்சத, செத்துப் போச்சேன்னு இன்னும் கையில வெச்சுக்கிட்டு நிக்கறத, அவ ஒரு நொடியில எறக்கி வெச்சுட்டுப் போறா. எப்படிடி முடியுது? குடுத்து வெச்ச கழுதை.

பாப்பா படியேறி வந்து, மூச்சு வாங்க வாங்கக் கேட்டுச்சு. சொம்புத் தண்ணிய ஊத்த உடல. "தண்ணி வேண்டாம்ணே, எவ்வளவுன்னு தெரியாது"ன்னு சுண்ணாம்புச் சத்து டப்பாவத் தொறந்து, தராசுல எடை போட்டு, கரைச்சு, பக்கெட்டுல விட்டுச்சு. மூணு பேரும் குத்த வெச்சு உக்காந்தோம். யாரும் கைய வைக்கல. எட்டு நிமிசம். அப்பறம் பையோட அடிப்பக்கத்துல இருந்து லேசா, மூச்சு பட்ட கண்ணாடியாட்டம் ஒரு மங்கல், மேல மேல ஏறுச்சு. பாப்பா அக்காவக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. நான் முடிச்சப் பாத்துக்கிட்டு இருந்தேன். பொறவு பாப்பா வெளிய வந்து நோட்டத் தொறந்துக்கிட்டு உக்காந்துச்சு. "அண்ணே, நான் தேதி எழுதியிருக்கேன், பக்கெட்ட எழுதல. எதெது மஞ்ச பக்கெட்டு, எதெது கண்ணாடி, ஞாபகம் இருக்கா? ஒண்ணு விடாமச் சொல்லணும்." என்றதுல ஊத்திக்கிட்ட ரெண்டையும் சொன்னேன், மிச்சம் குத்துமதிப்பாச் சொன்னேன். "அக்கா போட்டது?"

"பக்ரீத் முடிஞ்சு நீ ஊர்ல இருந்து வந்த மூணா நாளு"ன்னேன். "பத்தே முக்காலுக்கு எறக்குனா. முப்பத்தஞ்சு நிமிசம். பச்சைச் சேலை." பாப்பா, "நீங்க அப்பக் காய்ச்சல்ல இருந்தீங்களேண்ணே"ன்னுச்சு. "கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். ரெண்டாவது ஆடி மூணாம் வெள்ளி. மஞ்ச பக்கெட்டுதான். முப்பத்திரெண்டு நிமிசம். புரொபசரு ஒரு தடவை வந்து பாத்தாரு, நல்லாப் பண்றீங்கம்மான்னாரு. நீ அக்காவுக்கு லட்டு குடுத்த, எனக்குக் குடுக்கல. மூணாவது விநாயகர் சதுர்த்திக்கு மறுநாளு, அன்னைக்கு இவ தலைக்குக் குளிச்சிருந்தா, இருபத்தொம்பது நிமிசம், நீ ரெண்டு தடவை கைதட்டுன." பேனா நின்னு போச்சு. பாப்பா குனிஞ்ச தலைய நிமித்தல. என்ற வாய் என்ன சொல்லிக்கிட்டு இருக்குதுன்னு எனக்கு அப்பத்தான் காதுல விழுந்துச்சு. மயிலாத்தா மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டு இருந்தவ, தொடைக்கறத நிறுத்திட்டு என்னையே பாக்கறா. "ஏனுங்க"ன்னா. "நிமிசத்தக்கூடவா எண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

இருந்த ஒரு ஸ்டூல இழுத்துப் போட்டு, எனக்கு நேரா உக்காந்தா.

"நாலாவதையும் சொல்லிப் போடுங்க. கேட்டுக்கறேன்."

சொன்னேன்.